குடும்பப் பெட்டியும் கைப்பேசியும்

கரிசல் நிலத்துக் கிராமங்களில் ஒரு தலைமுறைக்கு முன்வரை வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டி இருந்தது. கிரயப் பத்திரம், பட்டா, தீர்வை செலுத்திய ரசீதுகள், கூட்டுறவுச் சங்கத்தின் கடன் புத்தகம், நகை அடகு வைத்த சீட்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை ஆகிய யாவும் அதில் அடங்கும். சாவி குடும்பத் தலைவரின் அரைஞாணிலோ தலைவியின் முந்தானை முடிச்சிலோ இருக்கும். வேண்டாத காகிதத்தை அதில் எவரும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் பெட்டி மூடாது. அயலார் அதைத் திறக்க வேண்டுமானால் வீட்டுக்குள் வந்தாக வேண்டும். குடும்பத் தலைவர் திடீரென மறைந்துவிட்டாலோ, காரியங்கள் முடிந்தபின் பெரியவர்கள் நால்வர் முன்னிலையில் பெட்டி திறக்கப்படும். இருப்பது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பது அன்றே தெரிந்துவிடும்.

அந்தப் பெட்டி இன்று கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட செய்தி அதில்தான் வருகிறது. பட்டா நகலை அதிலேயே இறக்கிக் கொள்கிறோம். பிரதம மந்திரி கிசான் தவணை, பயிர்க் காப்பீடு, நியாயவிலைக் கடையில் பொருள் வாங்கிய கணக்கு, எரிவாயு உருளை கொண்டுவருபவருக்குச் சொல்ல வேண்டிய எண் ஆகிய அனைத்தும் அதன் வழியே வருகின்றன. ஆயினும் பழைய பெட்டிக்கும் இந்தப் புதிய பெட்டிக்கும் இடையே இரண்டு பெரிய வேறுபாடுகள் உள்ளன. புதிய பெட்டியைத் திறக்கத் திருடன் வீட்டுக்குள் வரத் தேவையில்லை. அவன் ஆயிரம் மைலுக்கு அப்பால் அமர்ந்தபடியே திறக்கலாம். அதே சமயம், உரியவர் மறைந்துவிட்டால் சொந்த மனைவி மக்களாலேயே அதைத் திறக்க இயலாமற் போகலாம். வேண்டாதவனுக்கு எளிதில் திறப்பதும் வேண்டியவருக்குத் திறக்க மறுப்பதும் ஆகிய இவ்விரு குறைகளையும் நாம் எவ்வாறு நீக்கிக் கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அச்சங்குளம்

விருதுநகர் மாவட்டத்தில், சாத்தூர் வட்டாரத்தில், ஏழாயிரம்பண்ணையை அடுத்து அச்சங்குளம் என்னும் சிற்றூர் உள்ளது. மானாவாரி விவசாயமும் பட்டாசுத் தொழிலும் அப்பகுதி மக்களின் இரு பிழைப்புகள். மழை பொய்த்த ஆண்டில் காட்டு வேலை குறையும். குறைந்த அளவுக்குப் பட்டாசு ஆலைக்குச் செல்வோர் தொகை கூடும். 2021 ஆம் ஆண்டு பிப்ரவரி 12 ஆம் நாள் அங்கிருந்த பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தோரின் குடும்பத்தினருக்குப் பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து தலா 2 இலட்சம் ரூபாயும், மாநில அரசின் சார்பில் தலா 3 இலட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டன.

அறிவிக்கப்பட்ட தொகை ஒரு குடும்பத்தின் கைக்கு வந்து சேர வேண்டுமானால் மரணச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். இவை போகச் சில தொகைகள் எவரும் அறிவிக்காதவை. குடும்பத்தார் தாமே கேட்டாலன்றிக் கிடைக்காதவை. எடுத்துக்காட்டாக, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்னும் விபத்துக் காப்பீட்டைக் கூறலாம். 2015 ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், முதலில் ஆண்டுக்கு 12 ரூபாயும் 2022 ஜூன் முதல் 20 ரூபாயும் வங்கிக் கணக்கிலிருந்து தாமாகவே கழிக்கப்படுகின்றன. 18 முதல் 70 வயது வரையுள்ளவர் சேரலாம். விபத்தில் உயிரிழந்தால் 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும். கணக்குத் தொடங்கிய நாளில் வங்கியில் நீட்டிய தாள்களில் கையெழுத்திட்டவர்களுள் எத்தனை பேருக்குத் தாம் இதில் சேர்ந்திருப்பது நினைவிருக்கும்? அதற்குள்ள சாட்சி, ஆண்டுதோறும் மே, ஜூன் மாதவாக்கில் 20 ரூபாய் கழிக்கப்பட்டதாக வரும் ஒரே ஒரு வரிக் குறுஞ்செய்திதான். காலை வணக்கப் படங்களுக்கும் விளம்பரச் செய்திகளுக்கும் நடுவே அந்த ஒரு வரி புதைந்து போகிறது. காப்பீட்டுக் கோரிக்கையோ, விபத்து நிகழ்ந்து 30 நாட்களுக்குள் அளிக்கப்படுவது நலம்.

வெடிமருந்து புழங்கும் இடத்துக்குள் கைப்பேசி கொண்டு செல்லலாகாது. ஆகவே தொழிலாளர் பலர் அதை வீட்டிலோ வெளியிலோ வைத்துவிட்டுச் செல்கின்றனர். ஆள் திரும்பாத நாளிலும் கைப்பேசி பத்திரமாகவே இருக்கும். திறக்கும் வழி எவருக்கும் தெரியாதபோது அவ்வாறு இருந்து என்ன பயன்?

முதலில் கழித்தல்

பெட்டியைப் பூட்டுவதற்கு முன் அதை ஒழுங்கு செய்தல் வேண்டும். பொங்கலுக்கு முன் வீட்டைக் கழிப்பதுபோல் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கைப்பேசியைக் கழிப்பது தகும். ஒரு மாலைப் பொழுது போதும்.

பெரும்பாலோர் கைப்பேசியில் இடத்தை அடைத்துக் கொண்டிருப்பவை வாட்ஸ்அப் வழியே தாமாக வந்து இறங்கும் படங்களும் காணொளிகளுமே. ஒரே பூமாலைப் படம் ஐந்து குழுக்களிலிருந்து ஐந்து முறை வந்து தங்கியிருக்கும். அச்செயலியின் அமைப்புகள் பகுதியில், படங்களும் காணொளிகளும் தாமாக இறங்குவதை நிறுத்தி வைக்கலாம். நிறுத்திவிட்டால், நாம் தொட்டவை மட்டுமே இறங்கும். இடம் மிச்சமாவது சிறிய இலாபமே. பெரிய இலாபம் வேறு. வேண்டாத குப்பை நீங்கியபின்தான், எஞ்சியிருப்பவற்றுள் ஆபத்தானவை எவை என்பது கண்ணுக்குத் தெரியும்.

அவ்வாறு தெரியவரும் ஆபத்துகளுள் முதலாவது, படத் தொகுப்பில் கிடக்கும் ஆவணப் படங்கள். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஏ.டி.எம். அட்டையின் முன்னும் பின்னும், கையெழுத்திட்ட காசோலை ஆகியவற்றை எப்போதோ எவருக்கோ அனுப்புவதற்காகப் படமெடுத்திருப்போம். அனுப்பிய வேலை முடிந்துவிட்டது, படம் கிடக்கிறது. கைப்பேசி தொலைந்தால், எடுத்தவன் கையில் நம் குடும்பத்தின் சாவிக் கொத்தே கிடைத்துவிடுகிறது. ஏ.டி.எம். அட்டையின் படத்தை ஒருபோதும் வைத்திருக்கலாகாது. ஆதார், ஓட்டுநர் உரிமம், வாகனப் பதிவு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றுக்கு 2015 ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கர் என்னும் பேழை இருக்கிறது. உரிய துறையே அதில் நேராக வழங்கும் சான்று, 2016 ஆம் ஆண்டின் விதிகளின்படி மூலச் சான்றுக்கு நிகரானது. படத்தொகுப்பில் கிடக்கும் நகலுக்கு அத்தகைய மதிப்பும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஆதார் நகலை எவருக்கேனும் கொடுக்க நேர்ந்தால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டுக் கடைசி நான்கு மட்டும் தெரியும் நகலையும் ஆதார் ஆணையத்தின் தளத்தில் இறக்கிக் கொள்ளலாம்.

கணினி மையத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். விண்ணப்பம் செய்யச் செல்லும் நாம், ஆவணங்களை அக்கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறோம். அச்செடுத்தபின் அக்கணினியிலிருந்து அவற்றை அழிக்கச் சொல்வதில்லை. கேட்டால் மையத்தார் தவறாக நினைப்பாரோ என்று கூசுகிறோம். நம் கண்முன்னேயே அழிக்கச் சொல்வதில் கூச்சத்துக்கு இடமில்லை. சலூனில் கத்தியை மாற்றச் சொல்வதற்கு நாம் கூசுகிறோமா?

இரண்டாவது ஆபத்து செயலிகள். எவர் நிறுவினார், எதற்கு நிறுவினார் என்று தெரியாத செயலிகளை நீக்கிவிட வேண்டும். குறிப்பாக, உடனடிக் கடன் தருவதாகக் கூறும் செயலிகள். இவற்றுள் பல நம் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துக் கொண்டு, பின்னர் உறவினர்களுக்கெல்லாம் அவதூறு அனுப்பி மிரட்டியமையால், கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடவே கூடாதென ரிசர்வ் வங்கி 2022 ஆம் ஆண்டு செப்டம்பரில் நெறிமுறை வகுத்தது. சட்டபூர்வமான கடன் நிறுவனம் இவற்றைக் கேட்காது. கேட்கும் செயலி எதுவாயினும் நீக்கத் தக்கதே.

இதனினும் கொடியது வாட்ஸ்அப் வழியே கோப்பாக வந்து சேரும் செயலி. அதன் பெயர் ‘ஏ.பி.கே.’ என்று முடியும். பிரதம மந்திரி கிசான் பெயரிலும், வங்கியின் பெயரிலும், திருமண அழைப்பிதழ் என்ற பெயரிலும் இவை உலவுகின்றன. நமக்குத் தெரிந்தவரின் எண்ணிலிருந்தே வரும். ஏனெனில் அவருடைய கைப்பேசி ஏற்கெனவே அதற்கு இரையாகியிருக்கும். நிறுவியவுடன் அது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அனுமதி கொடுத்தபின், வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணை அதுவே படித்து மோசக்காரனுக்கு அனுப்பிவிடும். “நான் எவரிடமும் ஓ.டி.பி. சொல்லவில்லையே, பணம் எப்படிப் போயிற்று?” என்று வங்கி மேலாளரிடம் கேட்பவர்கள் உண்மையைத்தான் சொல்கின்றனர். அவர்கள் வாய் திறக்கவில்லை; கைப்பேசி திறந்துவிட்டது. அரசின் செயலி எதுவும் வாட்ஸ்அப் கோப்பாக வருவதில்லை என்பதை நினைவிற் கொள்க.

பூட்டுகள்

திரைப்பூட்டு இல்லாத கைப்பேசி நம் ஊர்களில் இன்றும் உள்ளது. முதலில் அதைப் போட வேண்டும். யு.பி.ஐ. பின் எண் திரைப்பூட்டின் எண்ணாகவோ, பிறந்த ஆண்டாகவோ, வண்டி எண்ணாகவோ இருத்தல் கூடாது. பணம் அனுப்புவதற்குத்தான் பின் எண் வேண்டும். பணம் பெறுவதற்கு ஒருபோதும் வேண்டியதில்லை. இந்த ஒரு விதியை அறிந்திருந்தால், மாடு வாங்குவதாகவும் மக்காச்சோளம் வாங்குவதாகவும் கூறி, “முன்பணம் அனுப்புகிறேன், பின் எண்ணை அழுத்துங்கள்” என்பவனிடம் ஏமாற மாட்டோம். வாட்ஸ்அப்புக்கும் ஆறு இலக்க இரகசிய எண் ஒன்றை வைத்துக் கொள்ளலாம். ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்னும் பகுதியைத் திறந்து, நாம் அறியாத கணினி எதிலாவது நம் வாட்ஸ்அப் திறந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வெளியேற்ற வேண்டும்.

கைப்பேசி வாங்கிய நாளில் கடைக்காரத் தம்பி நம் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கைத் தொடங்கித் தந்திருப்பார். அதன் கடவுச்சொல் அவருக்கும் நினைவில்லை, நமக்கும் தெரியாது. நம் தொடர்பு எண்களும் படங்களும் அக்கணக்கில்தான் சேமிக்கப்படுகின்றன. கைப்பேசி உடைந்தாலோ தொலைந்தாலோ அவற்றை மீட்கும் வழியும் அதுவே. படித்த பிள்ளைகளின் உதவியோடு அக்கணக்கின் கடவுச்சொல்லைப் புதிதாக அமைத்து, மீட்புக்குரிய கைப்பேசி எண்ணாக நம் எண்ணோடு குடும்பத்தார் ஒருவரின் எண்ணையும் பொருத்தமாகச் சேர்த்துவிடுதல் நன்று.

அடுத்து, சிம் அட்டை. நாம் பேசும் எண் எவர் பெயரில் இருக்கிறது? பல வீடுகளில் மனைவியின் எண் கணவர் பெயரிலும், தந்தையின் எண் வெளியூரிலுள்ள மகன் பெயரிலும் இருக்கக் காண்கிறோம். ஒரே ஆதாரைக் கொடுத்து வாங்கிய சிம் அட்டைகள் யார் யார் கையிலோ இருப்பதும் உண்டு. நம் மாநிலத்தில் ஒருவர் பெயரில் 9 இணைப்புகள் வரைதான் இருக்கலாம். நம் பெயரில் எத்தனை இருக்கின்றன என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023 ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நம்முடையதல்லாத எண்ணைத் துண்டிக்கவும் அங்கேயே கோரலாம். தொலைந்த கைப்பேசியை எங்கும் இயங்காதபடி முடக்குவதற்கும் அதே தளத்தில் வழியுண்டு. அதற்குக் காவல் நிலையத்தில் அளித்த புகாரும், கைப்பேசிக்குரிய 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் வேண்டும். *#06# என்று அழுத்தினால் அவ்வெண் திரையில் தோன்றும். தொலைந்தபின் அழுத்த இயலாது. ஆகவே இன்றே அழுத்திக் குறித்துக் கொள்க.

எண்ணைக் கைவிடுவதிலும் ஓர் அபாயம் உண்டு. 90 நாட்கள் பயன்படுத்தாத முன்கட்டண இணைப்பை நிறுவனம் துண்டிக்கலாம். துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாட்கள் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படக் கூடும் என்பதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே 2023 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. நம் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் அந்தப் பழைய எண்ணே இருக்குமாயின், நமக்கு வரவேண்டிய ஓ.டி.பி. முன்பின் அறியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். எண்ணை மாற்றுவோர் முதலில் வங்கியிலும், ஆதார் மையத்திலோ தபால்காரர் வழியாகவோ ஆதாரிலும் மாற்றிய பின்னரே பழைய சிம்மை எறிய வேண்டும்.

கைரேகையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. கடவுச்சொல் களவு போனால் மாற்றிக் கொள்ளலாம். கட்டை விரலை மாற்ற முடியுமா? 2018 ஆம் ஆண்டு தெலங்கானாவில் பிடிபட்ட ஒரு வழக்கில், நிலப் பதிவுப் பத்திரங்களில் இருந்த கைரேகைகளைப் படியெடுத்து ரப்பரில் போலி ரேகைகள் செய்து, அவற்றைக் கொண்டு சிம் இணைப்புகள் பெறப்பட்டிருந்தன. ஆதார் எண்ணும் ரேகையும் கொண்டு சிற்றூர்களில் பணம் எடுக்கும் வசதியையும் மோசக்காரர்கள் இவ்வாறே பயன்படுத்தியுள்ளனர். இதற்கு ஓ.டி.பி. வராது, பணம் போனபின் செய்தி மட்டுமே வரும். இதைத் தடுக்க, ஆதார் ஆணையத்தின் செயலியில் கைரேகையையும் கருவிழிப் பதிவையும் பூட்டி வைக்கலாம். ஆனால் பூட்டியிருக்கும் வரை நியாயவிலைக் கடையின் இயந்திரமும் நம் விரலை ஏற்காது. பொருள் வாங்கும் நாளில் திறந்து, பின் மீண்டும் பூட்ட வேண்டும். இந்தத் தொல்லையைக் கருதின், கைப்பேசியைத் தாமே இயக்கத் தெரிந்தவர் பூட்டி வைக்கலாம் என்பதும், முதியோர் தம் கணக்கில் ஆதார் வழிப் பணம் எடுக்கும் வசதியை நிறுத்த இயலுமா என்று வங்கியிற் கேட்கலாம் என்பதும் நம் கருத்து. சில வங்கிகளில் அதற்கு வழியுண்டு.

பட்டாசின் பெயரால்

இப்பகுதிக்கே உரிய மோசடி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தீபாவளிக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே, சிவகாசி ஆலை விலையில் பட்டாசு வீட்டுக்கே வரும் எனப் பல தளங்கள் முளைக்கின்றன. பணம் செலுத்தியபின் தளமும் மறையும், தொலைபேசியும் மறையும். 2024 ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்னர்த் தமிழகக் காவல்துறையின் இணையவழிக் குற்றப் பிரிவு இதுபற்றி மக்களை எச்சரித்தது. இணையதளங்கள் வழியே பட்டாசு விற்பதற்கு 2018 ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்றே உச்ச நீதிமன்றம் தடை விதித்துள்ளதை வாங்குவோர் பலர் அறியார்.

இதில் ஏமாறுபவர் வெளியூரார் எனினும், கெடுவது நம் ஊர்களின் பெயர். உண்மையான கடைகளின் பெயர்ப் பலகையும் விலைப்பட்டியலும் படமாகத் திருடப்படுகின்றன. அத்துடன், ஏமாற்றிய பணம் முதலில் வந்து விழுவதற்கு மோசக்காரனுக்கு ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். “உன் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் சிம்மையும் கொடு, மாதம் சில ஆயிரம் தருகிறேன்” என்று அவன் வேலையற்ற இளைஞரைத் தேடி வருகிறான். கொடுத்த இளைஞருக்கு எதுவும் தெரியாமல் இருக்கலாம். ஆயினும் எங்கோ வடமாநிலத்துக் காவல் நிலையத்தில் பதிவாகும் வழக்கில் முதற் பெயர் அவருடையதாகவே இருக்கும், கணக்கு முடக்கப்படும், அவர் தாயின் சேமிப்பு அதே கணக்கில் இருந்தால் அதுவும் முடங்கும். வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுதல் மாட்டு வண்டியை வாடகைக்கு விடுதல் போன்றதன்று என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இளைஞர்களிடம் நேரில் எடுத்துரைக்க வேண்டும்.

பணம் போய்விட்டது என்று அறிந்தவுடன் வெட்கப்பட்டு மறைத்தல் பெருந்தவறு. உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். களவாடிய பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கும், அதிலிருந்து வேறொன்றுக்கும் தாவிக் கடைசியில் ரொக்கமாக எடுக்கப்படும். தாவிக் கொண்டிருக்கும்போதே புகார் வந்தால், அது நிற்கும் வங்கியில் முடக்க வழியுண்டு. ரொக்கமானபின் வழி குறைவு. ஆகவே மகன் வேலையிலிருந்து வரட்டும், நாளை பார்ப்போம் என்பதெல்லாம் பணத்தை வழியனுப்பி வைப்பதற்கு ஒப்பாகும். வங்கிக்கும் அன்றே எழுத்தில் தெரிவித்து, தெரிவித்ததற்கு அத்தாட்சி பெற்றுக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர், வங்கி ஆகிய இருவர் தவறுமின்றி மூன்றாமவரால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என ரிசர்வ் வங்கி 2017 ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை வரையறுத்தது.

நாற்பது பக்க நோட்டு

இனி, பெட்டியை உரியவர் திறக்க வகை செய்தல். பின் எண்ணை எவரிடமும் சொல்லாதே என்று ஒருபுறம் கூறுகிறோம். ஆள் மறைந்தால் குடும்பம் திகைக்கிறது என்று மறுபுறம் கூறுகிறோம். இரண்டும் முரண்படுவதாகத் தோன்றும். பின் எண்ணை விட்டுச் செல்வது இதற்கு வழியன்று. இறந்தவரின் பின் எண்ணைக் கொண்டு அவர் கணக்கிலிருந்து பணம் எடுப்பது முறையுமன்று. பின்னர் உடன்பிறந்தாரிடையே வழக்குக்கும் அதுவே வித்தாகும்.

உரிய வழி நாமினி எனப்படும் நியமனதாரரைப் பதிவு செய்தல். நியமனதாரர் இருந்தால், கோரிக்கைப் படிவம், மரணச் சான்றிதழ், தம் அடையாளச் சான்று ஆகியவற்றோடு வங்கியை அணுகிப் பணம் பெறலாம். சட்டப்படியான வாரிசுகளுக்காக அவர் அதைப் பெற்றுக் கொள்கிறார் என்பதையும் மறக்கலாகாது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கச் சட்டம் இடமளிக்கிறது. திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் தாயின் பெயர் இருந்து, தாயும் காலமாகி, மனைவி பெயர் சேர்க்கப்படாமலே இருக்கும் கணக்குகள் பல. வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்து, நியமனம் பதிவாகியுள்ளதா என்பதை இவ்வாரமே உறுதி செய்து கொள்ளலாம். ஆலையில் வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுவோர், யு.ஏ.என். என்னும் 12 இலக்க எண்ணை அறிந்து அங்கும் நியமனத்தைப் பதிய வேண்டும். அந்நிதியோடு இணைந்த காப்பீட்டில் 7 இலட்சம் ரூபாய் வரை கிடைக்க வழியுள்ளது.

அடுத்தது, கடையில் கிடைக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று. அதில் எழுத வேண்டியவை: எந்தெந்த வங்கியில், எந்தக் கிளையில் கணக்கு, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், நியமனதாரர் பெயர், சுரக்ஷா பீமா உள்ளிட்ட காப்பீடுகள், அவற்றுக்குப் பணம் கழியும் கணக்கு, யு.ஏ.என். எண், நல வாரிய அட்டை எண், ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண், ஒவ்வொரு சிம்மும் எவர் பெயரில் உள்ளது, ஐ.எம்.இ.ஐ. எண்; கூட்டுறவுச் சங்கக் கடன்; கொடுக்க வேண்டிய கைமாற்று, வரவேண்டிய கைமாற்று, சீட்டுத் தவணை. எழுதக் கூடாதவை பின் எண்களும் கடவுச்சொற்களும். நோட்டை எவரேனும் பார்த்துவிட்டாலும் அதைக் கொண்டு ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. எங்கே சென்று கேட்பது என்பதை மட்டும் அது சொல்லும். பழைய தகரப் பெட்டி வீட்டில் இன்னும் இருக்குமாயின், அதற்கு இதைவிட நல்ல இடமில்லை.

திரைப்பூட்டின் எண்ணைக் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் அறிந்திருப்பதில் தவறில்லை என்றே கருதுகிறோம். மனைவியின் எண்ணைக் கேட்டு வாங்கிக் கொண்டு தம்முடையதை மறைக்கும் கணவருக்கு இது பொருந்தாது.

ஒருவர் மறைந்த குடும்பத்துக்கு ஒரு சொல். அவருடைய கைப்பேசி எண்ணை உடனே நிறுத்திவிட வேண்டாம். கணக்குகள் தீர்க்கப்படும் வரையில் அதை உயிர்ப்போடு வைத்திருப்பது நல்லது. வங்கிப் புத்தகத்தில் கடைசி ஓராண்டுப் பதிவுகளை அச்சிட்டு வாங்கி, 20 ரூபாயும் 436 ரூபாயும் கழிக்கப்பட்டுள்ளனவா என்று வரி வரியாகப் பாருங்கள். 436 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தால் அது ஜீவன் ஜோதி பீமா என்னும் ஆயுள் காப்பீடாக இருக்கலாம். விபத்தன்றி நோயால் இறந்தாலும் 2 இலட்சம் ரூபாய் உரியது. மறைந்தவர் எந்தெந்த வங்கியில் கணக்கு வைத்திருந்தார் என்றே தெரியாவிடில், பத்தாண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புகளைத் தேடுவதற்கு ரிசர்வ் வங்கி 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டில் உத்கம் என்னும் தளத்தைத் திறந்துள்ளது. பத்தாண்டு கழித்துத் தேடுவதைவிட இன்று நோட்டில் இரண்டு வரி எழுதிவைப்பது எளிது.

பஞ்சாயத்து செய்யத் தக்கவை

பஞ்சாயத்து அலுவலகமும் இவ்விதிகளுக்கு விலக்கன்று. பஞ்சாயத்துக் கணக்கிலிருந்து இணையவழிப் பணம் வழங்குவதற்குரிய மின்னணுக் கையொப்பச் சாவியும் அதன் கடவுச்சொல்லும், பொறுப்பிலுள்ளவர் கையில் இன்றிக் கணினி இயக்குபவர் மேசையிலோ ஒப்பந்தக்காரர் பையிலோ இருக்குமாயின், வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுத்ததற்கும் அதற்கும் வேறுபாடில்லை. பயனாளிகள் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போதும் குழுவில் அனுப்பும்போதும் முழு ஆதார் எண்ணும் முழு வங்கிக் கணக்கு எண்ணும் இடம்பெறக் கூடாது. பெயரும் கடைசி நான்கு இலக்கமும் போதும்.

நம் மாநிலத்தில் 2022 முதல் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றுள் மே 1 தொழிலாளர் நாள். சுரக்ஷா பீமா தொகை கழியும் காலத்துக்குச் சற்று முந்தையது. கணக்கில் 20 ரூபாய் இருப்பு வைக்கச் சொல்லவும், நியமனதாரரைச் சரிபார்க்கச் சொல்லவும் அதுவே ஏற்ற நாள். அக்டோபர் 2 தீபாவளிக்கு முந்தையது. போலிப் பட்டாசுத் தளங்களைப் பற்றியும் கணக்கை வாடகைக்குக் கேட்போரைப் பற்றியும் அன்று பேசலாம். பள்ளி மேல் வகுப்பு மாணவர்களையும் மகளிர் சுய உதவிக் குழுவினரையும் கொண்டு, அன்று மாலையே முதியோரின் கைப்பேசிகளைக் கழித்துத் தர ஏற்பாடு செய்தால் ஊருக்கே ஒரு வேலை முடியும். கழித்துத் தருபவர் பின் எண்ணைக் கேட்கவும் கூடாது, முதியவர் அதை அழுத்தும்போது பார்க்கவும் கூடாது.

அலுவலகச் சுவரில் எழுதி வைப்பதற்கு இரண்டு எண்கள் போதும். பணம் களவு போனால் 1930. ஆதார் பற்றிய ஐயங்களுக்கு 1947. எழுத்துகள் பெரியனவாகவும், நியாயவிலைக் கடை வரிசையில் நிற்பவர் கண்ணில் படும் சுவராகவும் இருக்கட்டும்.